பேங்க்குள்ள ‘வேணாம்’னு சொல்ல ஆள் இருக்கா? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த லெட்டர், மெயில் எல்லாத்துலயும் பேங்க் விஷயம்தான் ஜாஸ்தி. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சிட்டு, டெபாசிட், பேங்க் நிர்வாகம், பேங்க் எடுக்கற ரிஸ்க், இத தொட்டு வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதறேன்.

கேள்வி: வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி வந்த பணம் 18 லட்சம் இருக்கு. எங்க தெரு முனைல ஒரு சின்ன தனியார் பேங்க், அரசு பேங்க்க விட ஒரு சதவீதத்துக்கு மேல வட்டி ஜாஸ்தி தர்றாங்க. மேனேஜர் தங்கமான மனுஷர், வீட்டுக்கே வந்து ஃபார்ம் எழுதிக்கறார். நம்பி போடலாமா?
– வாசகி, ஈரோடு

மேனேஜர் தங்கமானவராவே இருக்கட்டும்மா, ஆனா உங்க 18 லட்சத்த யாருக்கு கடனா குடுக்கணும்னு முடிவு பண்றது அவர் கிடையாது. கிளை மேனேஜருக்கு ஒரு லிமிட் இருக்கும், அதுக்கு மேல போனா ரீஜனல் ஆபீஸ், அதுக்கும் மேலன்னா ஹெட் ஆபீஸ்ல கிரெடிட் கமிட்டி, ரொம்ப பெரிய தொகைன்னா போர்டு. ஒரு பேங்க்க கவுக்கற அளவு பெரிய கடன் எதுவும் உங்க தெரு முனைல சாங்ஷன் ஆகறதில்ல, மேல இருக்கற அந்த நாலஞ்சு பேர் ரூமுலதான் ஆகுது. நீங்க நம்பறது ஒருத்தர, பணம் போய் நிக்கறது வேற ஒருத்தர் கையில. இத முதல்ல மனசுல வெச்சுக்கோங்க.

அடுத்து, பேங்க்கோட சொந்த முதல் எவ்வளவுன்னு பாருங்க. ரிஸ்க்குக்கு ஏத்த மாதிரி எடை போட்டு, 100 ரூபா கடனுக்கு குறைஞ்சது 9 ரூபா, அதுக்கு மேல பஃபர்னு ஒரு 2.50 ரூபா, ஆக மொத்தம் 11.50 ரூபா சொந்த முதல் இருக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதி. மீதி பெரும்பாலும் உங்கள மாதிரி ஜனங்க போட்ட டெபாசிட்தான். கடன் நல்லா போனா வர்ற லாபம் ஷேர் வெச்சிருக்கவங்களுக்கு, நீங்க வாங்கறது அதே வட்டிதான், ஒரு பைசா கூடாது. கடன் மோசமா போனா அந்த பதினொன்னரை ரூபா கரையற வரைக்கும்தான் அவங்க நஷ்டம், அதுக்கு அப்புறம் உங்க பணம். லாபம் ஒரு பக்கம் நஷ்டம் ஒரு பக்கம்னு இருக்கறதாலதான் பேங்க்குக்கு மட்டும் ரிஸ்க் எடுக்கற ஆசை மத்த கம்பெனிய விட ஜாஸ்தி, அத புடிச்சு நிறுத்த போர்டுன்னும் ரிசர்வ் பேங்க்னும் வெச்சிருக்கறதும் அதுக்குத்தான்.

வட்டி ஜாஸ்தி தர்றாங்கன்னா உடனே தப்பான பேங்க்னு சொல்லிட முடியாது. சிறு நிதி வங்கிகள் சின்ன சின்ன கடன அதிக வட்டிக்கு குடுக்கறாங்க, அதுல ஒரு பங்கு உங்களுக்கு தர்றாங்க, அது நியாயமான வியாபாரம். ஆனா மத்த இடத்துல பணம் பொரட்ட முடியாம வட்டிய ஏத்தி டெபாசிட் இழுக்கற பேங்க்கும் உண்டு, வெளிய நின்னு பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால 18 லட்சத்தையும் ஒரே இடத்துல வைக்காதீங்க. டெபாசிட் இன்சூரன்ஸ் ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்குக்கு 5 லட்சம், அசலும் வட்டியும் சேத்து, அந்த பேங்க்கோட எல்லா கிளையும் சேத்து. அப்ப ஒரு பேங்க்ல 4 லட்சம் சொச்சத்தோட நிறுத்திக்கிட்டா வட்டியும் உள்ள அடங்கும். பெரிய பங்க போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல போடுங்க, அதுல 30 லட்சம் வரைக்கும் போடலாம், அது மத்திய அரசோட பொறுப்பு.

கேள்வி: எங்க குடும்பத்துல தாத்தா காலத்துல இருந்து லட்சுமி விலாஸ் பேங்க் ஷேர் இருந்துச்சு. கல்யாணத்துக்கு, படிப்புக்குன்னு கூட விக்காம வெச்சிருந்தோம். 2020ல ஒரே நாள்ல பூஜ்யம் ஆயிடுச்சு. ஊரே நம்பின பேங்க் எப்படி சார் இப்படி போச்சு? இன்னும் மனசு ஆறல.
– வாசகர், கரூர்

உங்க வருத்தம் எனக்கு நல்லா புரியுது, கரூர் பக்கம் இந்த மாதிரி நிறைய குடும்பம் இருக்கு. 1926ல ஏழு வியாபாரிங்க சேந்து உங்க ஊர்ல ஆரம்பிச்ச பேங்க் அது, சுத்து வட்டாரத்து வியாபாரிக்கும் விவசாயிக்கும் கடன் குடுத்து வளந்தது. அந்த மாதிரி கடன்ல ஒரு பாதுகாப்பு இருந்துச்சு, என்னன்னா கடன் வாங்கறவன் யாரு, அவன் தறி ஓடுதா நிக்குதா, போன வருஷம் யாருக்கு பாக்கி வெச்சான், எல்லாமே கடன் குடுக்கறவருக்கு தெரியும். அந்த தெரிஞ்சிருக்கறதுதான் அந்த பேங்க்கோட உண்மையான சொத்துன்னு நான் சொல்வேன்.

அப்புறம் சீக்கிரமா பெருசாகணும்னு பெரிய கார்ப்பரேட் கடன் பக்கம் போனாங்க, அங்க இந்த ஊர் ஞானம் எதுவும் செல்லாது. ஒரு கடன மட்டும் கிட்டக்க வெச்சு பாப்போம். ரெலிகேர் ஃபின்வெஸ்ட்னு ஒரு கம்பெனி, 2016 கடைசிலயும் 2017 ஆரம்பத்துலயும் சுமார் 750 கோடி ரூபாய லட்சுமி விலாஸ்ல ஃபிக்ஸட் டெபாசிட்டா போட்டுச்சு. அதே சமயத்துல, ரான்பாக்ஸி சகோதரர்கள்னு சொல்லுவாங்களே, மால்விந்தர் சிங், ஷிவிந்தர் சிங், ரெலிகேர் குரூப்போட ப்ரோமோட்டருங்க, அதாவது முதலாளிங்க, அவங்களோட சொந்த கம்பெனிங்க ரெண்டுக்கு பேங்க் சுமார் 720 கோடி கடன் குடுத்துச்சு. கடன் திரும்பி வரலன்னதும் பேங்க் அந்த டெபாசிட்ல இருந்து பணத்த கழிச்சுக்கிச்சு. டெபாசிட் போட்ட கம்பெனி, ‘எங்க பணத்த எவனோ வாங்கின கடனுக்கு எப்படிடா எடுப்பீங்க’ன்னு 2018ல கோர்ட்டுக்கு போச்சு, டெல்லி போலீஸ்ல கேஸும் ஆச்சு.

யார் பக்கம் நியாயம்னு கோர்ட் சொல்லட்டும், நான் கேக்கறது வேற. டெபாசிட் ஒரு கம்பெனியோடது, அது பங்குச்சந்தைல லிஸ்ட் ஆன குரூப், அதுல பொது ஜனங்க ஷேர் வெச்சிருக்காங்க. கடன் வாங்கறது ப்ரோமோட்டரோட சொந்த கம்பெனி. டெபாசிட் தொகையும் கடன் தொகையும் கிட்டத்தட்ட ஒண்ணு. இத ஒரு ஃபைல்ல பாத்தா எந்த ஆபீசருக்கும் புருவம் உயரும். ‘இவன் டெபாசிட்ட அவன் கடனுக்கு ஏன் காட்டறான், அந்த கம்பெனி போர்டு சம்மதிச்சிருக்கா, எழுத்துல இருக்கா’ன்னு ஒருத்தர் கேட்டிருக்கணும், பதில் வர்ற வரைக்கும் ஃபைல நகர்த்தாம இருந்திருக்கணும். நிர்வாகத் தரம் தரம்னு பெருசா பேசறாங்களே, கடைசில அது இவ்வளவுதான், அந்த ரூமுல ‘வேணாம்’னு சொல்ல ஒரு ஆள் இருக்கணும், சொன்னா அவர் வேலை போகக் கூடாது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மொத்த வாராக்கடன் 2017 மார்ச்ல 2.67 சதவீதம், அடுத்த வருஷம் 10 கிட்ட, 2019ல 15, 2020 மார்ச்ல 25 சதவீதத்த தாண்டிச்சு, அதாவது குடுத்த கடன்ல நாலுல ஒரு பங்கு. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் பேங்க் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்துச்சு, இந்தியாபுல்ஸ்ங்கற வீட்டுக்கடன் கம்பெனியோட இணையறேன்னு கேட்டத அக்டோபர்ல மறுத்துச்சு. 2020 செப்டம்பர் 25ந்தேதி நடந்த பொதுக்கூட்டத்துல ஷேர்ஹோல்டருங்களே எம்.டி.யையும் சேத்து ஏழு டைரக்டர ஓட்டு போட்டு வெளிய அனுப்பினாங்க. நவம்பர் 17 மாரடோரியம், 25 ஆயிரத்துக்கு மேல எடுக்க முடியாது. நவம்பர் 27 அன்னைக்கு சிங்கப்பூர் டிபிஎஸ் பேங்க்கோட இந்திய கம்பெனில சேத்துட்டாங்க, 563 கிளையும் அதுல போச்சு. டெபாசிட்காரங்களுக்கு ஒரு ரூபா நஷ்டம் இல்ல. ஷேர் முழுசும் அழிஞ்சுச்சு, சுமார் 318 கோடி ரூபா பாண்டும், அதாவது கடன் பத்திரமும், அழிஞ்சுச்சு.

இப்ப நம்பிக்கை பத்தி சொல்றேன், இது உங்களுக்கு வலிக்கலாம். 2018 மார்ச்ல அந்த பேங்க்ல 33 ஆயிரம் கோடிக்கு மேல டெபாசிட் இருந்துச்சு, ரெண்டு வருஷத்துல 21 ஆயிரம் கோடி சொச்சம் ஆச்சு. பெரிய பணக்காரங்களும் கம்பெனிங்களும் பேலன்ஸ் ஷீட் படிச்சிட்டு மெதுவா நழுவிட்டாங்க, நம்ம ஊர் பேங்க்னு நம்பினவங்கதான் கடைசி வரைக்கும் இருந்தாங்க. ஊர்க்காரங்க வெச்ச நம்பிக்கை உண்மையானது, ஆனா அது பழைய பேங்க் மேல வெச்ச நம்பிக்கை, உள்ள ஆளும் மாறி வேலையும் மாறினது வெளிய தெரியல. நம்பிக்கை கேள்வி கேக்காம இருந்தா, தப்பு பண்றவனுக்கு அது மலிவான பணமா போயிடுது. அதே கரூர்ல 1916ல ஆரம்பிச்ச கரூர் வைஸ்யா பேங்க்குக்கும் அடி விழுந்துச்சு, 2019லயும் 2020லயும் வாராக்கடன் 8 சதவீதத்துக்கு மேல போச்சு, ஆனா பேங்க் நின்னுச்சு, 2025 மார்ச்ல 1 சதவீதத்துக்கும் கீழ வந்துடுச்சு. ஒரே ஊர், ஒரே மாதிரி ஜனங்க. அதனால ஊர் மேலயோ காலம் மேலயோ பழி போட முடியாது.

கேள்வி: எம்.காம் படிக்கறேன். நல்ல நிர்வாகம் இருந்தா பேங்க் ரிஸ்க் குறையும்னு எங்க மேடம் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா 2008ல விழுந்த அமெரிக்க பேங்க்கெல்லாம் பேப்பர்ல பாத்தா நல்ல போர்டு, தனி டைரக்டர், எல்லாம் வெச்சிருந்தாங்களே சார்?
– வாசகர், மதுரை

தம்பி, நல்ல கேள்வி, இத மேடம் கிட்டயும் கேளுங்க. நல்ல நிர்வாகம்னா யாருக்கு நல்லது, அத கேட்டீங்கன்னா பாதி முடிச்சு அவிழ்ந்துடும். சாதாரண கம்பெனில ஷேர்ஹோல்டர் நலன காப்பாத்தினா நல்ல நிர்வாகம். பேங்க்ல ஷேர்ஹோல்டருக்கு, முதல் பதில்ல சொன்ன மாதிரி, ரிஸ்க் எடுக்கறதுலதான் லாபம். அப்ப ஷேர்ஹோல்டர் கை ஓங்கின பேங்க்ல ரிஸ்க் கூடத்தான் செய்யும். லூக் லேவனும் ராஸ் லெவினும் 48 நாட்டு பேங்க்குகள எடுத்து பாத்து 2009ல எழுதின ஆய்வுல இதத்தான் சொன்னாங்க, முதலாளி பலமா இருக்கற பேங்க்ல ரிஸ்க் ஜாஸ்தி, அதுவுமில்லாம ஒரே சட்டம் ஒவ்வொரு பேங்க்லயும் அதோட சொந்தக்காரர் யாருங்கறத பொறுத்து வேற வேற மாதிரி வேலை செய்யுது. ஃபாலன்பிராக்கும் ஸ்டுல்ஸும் 2011ல எழுதினாங்க, சிஇஓவோட நலனும் ஷேர்ஹோல்டர் நலனும் ரொம்ப ஒட்டிப்போன பேங்க்குகள் அந்த நெருக்கடில இன்னும் மோசமா அடி வாங்குச்சுன்னு. 2008ல விழுந்த பேர் ஸ்டெர்ன்ஸ்ங்கற அமெரிக்க பேங்க்கோட தலைவரா இருந்த ஜிம்மி கேய்ன் கிட்ட ஒரு காலத்துல கிட்டத்தட்ட 1 பில்லியன் டாலர் மதிப்புக்கு ஷேர் இருந்துச்சு, 2008 மார்ச்ல 61 மில்லியனுக்கு வித்தார். சொந்த காசு உள்ள இருந்தா ஜாக்கிரதையா இருப்பாங்கன்னு நாம நெனைக்கறது பேங்க் விஷயத்துல அவ்வளவா பலிக்கறதில்ல.

அதனால பேங்க்ல நிர்வாகத் தரம்னா டெபாசிட்காரன் சார்பா உள்ள யாராவது பேசறாங்களாங்கறதுதான். நம்ம ரிசர்வ் பேங்க் 2017ல ஒரு விதி போட்டுச்சு, ரிஸ்க் அதிகாரிக்கு பிசினஸ் டார்கெட் குடுக்கக் கூடாது, வேற பதவி சேத்து குடுக்கக் கூடாது, அவர் எம்.டி.க்கு கீழ ரிப்போர்ட் பண்ணினா, போர்டு ரிஸ்க் கமிட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது எம்.டி. இல்லாம அவர தனியா சந்திக்கணும். அந்த ‘எம்.டி. இல்லாம’ங்கற ஒரு வரிய நான் ரொம்ப மதிக்கறேன், மனுஷ சுபாவம் தெரிஞ்ச யாரோ எழுதியிருக்காங்க. 2019 நவம்பர்ல சம்பளத்துக்கும் விதி வந்துச்சு, சிஇஓ மாதிரி மேல்மட்ட ஆளுங்க சம்பளத்துல பாதியாவது ரிசல்ட்ட பொறுத்து இருக்கணும், அதுல பெரும்பகுதிய உடனே குடுக்காம மூணு வருஷமாவது தள்ளி குடுக்கணும், குடுத்த கடன் கெட்டுப் போச்சுன்னா திரும்ப வாங்கலாம். 2021ல எம்.டி. பதவி 15 வருஷத்துக்கு மேல கிடையாதுன்னு வந்துச்சு.

விதி இருந்தாலும் அந்த சீட்டுல ஆள் உக்காரணும். அமெரிக்காவோட சிலிக்கான் வேலி பேங்க் 2022ல சுமார் 8 மாசம் தலைமை ரிஸ்க் அதிகாரியே இல்லாம ஓடிச்சு, வட்டி ஏறிக்கிட்டு இருந்த வருஷம் அது, வட்டி ஏறினா பழைய பாண்டோட விலை இறங்கும், நீண்ட கால பாண்டுல பணத்த முடக்கி வெச்சிருந்த பேங்க்குக்கு அதவிட ஆபத்தான வருஷம் வேற இல்ல. 2023 மார்ச்ல அந்த பேங்க் கவுந்தத படிச்சிருப்பீங்க.

கேள்வி: 30 வருஷமா அரசு வங்கிதான். வைர வியாபாரி நீரவ் மோடி விஷயத்துல பஞ்சாப் நேஷனல் பேங்க் அவ்வளவு இழந்துச்சு, ஒருத்தர் கூட ஓடிப்போய் பணம் எடுக்கல. அரசு இருக்குங்கற நம்பிக்கை போதும்போது நிர்வாகம் நிர்வாகம்னு ஏன் அலட்டிக்கணும்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

டெபாசிட்காரரா நீங்க சொல்றது சரிங்க சார், வரி கட்டறவரா யோசிச்சா சரி இல்ல.

அந்த மோசடி எப்படி நடந்துச்சுன்னு ஒரு நிமிஷம் பாருங்க. மும்பை பிராடி ஹவுஸ் கிளை. வெளிநாட்டு பேங்க்குக்கு ‘இவங்க கட்டலன்னா நாங்க கட்டறோம்’னு உறுதிக் கடிதம் அனுப்பறது ஸ்விஃப்ட்ங்கற தனி மெசேஜ் சிஸ்டம்ல. பேங்க்கோட கணக்கு எல்லாம் இருக்கறது கோர் பேங்க்கிங் சிஸ்டம்ல. அங்க ரெண்டுக்கும் நடுவுல இணைப்பு இல்ல. அதனால நீரவ் மோடி கம்பெனிங்களுக்காக ஸ்விஃப்ட்ல கடிதம் போகும், கணக்குல ஒண்ணும் ஏறாது, பழைய கடிதத்துக்கு பணம் கட்ட புதுசா ஒரு கடிதம், இப்படியே வருஷக்கணக்கா ஓடிச்சு. 2018 பிப்ரவரில வெளிய வந்தப்ப 11 ஆயிரம் கோடின்னாங்க, அப்புறம் 13 ஆயிரம் கோடிய தாண்டிச்சு. ஆடிட் வந்துச்சு, இன்ஸ்பெக்ஷன் வந்துச்சு, ஸ்விஃப்ட் லாக்கயும் கணக்கையும் பக்கத்து பக்கத்துல வெச்சு பாக்கணும்னு யாருக்கும் தோணல, அதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

ஜனங்க பதறலங்கறது உண்மைதான், அது நல்லதுக்குத்தான், பதறியிருந்தா இன்னும் பெரிய சேதம். ஆனா அந்த நம்பிக்கை பேங்க் மேல இல்ல, பின்னாடி நிக்கற அரசாங்கம் மேல. அந்த வகை நம்பிக்கை பேங்க்க திருத்தாது, ஏன்னா தப்பு பண்ணினாலும் டெபாசிட் வந்துக்கிட்டே இருக்கும், வட்டி கூட ஏறாது. 2016-17ல இருந்து 2020-21 வரைக்கும் அஞ்சு வருஷத்துல அரசு பேங்க்குகளுக்கு மத்திய அரசு போட்ட முதல் சுமார் 3.1 லட்சம் கோடி. ஸ்கூல் கட்டடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க வேண்டிய பணம்னு ஆசிரியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 2018 மார்ச்ல அரசு பேங்க்குகளோட மொத்த வாராக்கடன் 14.6 சதவீதத்துல இருந்துச்சு, மறைச்சு வெச்சத வெளிய எடுக்க வெச்சு, முதல் போட்டு, திவால் சட்டம் கொண்டு வந்து, 2025 மார்ச்ல 2.6 சதவீதம் கிட்ட கொண்டு வந்திருக்காங்க. இந்த பாதி வேலை நிர்வாகத்தால நடந்தது. நம்பிக்கை மட்டும் போதும்னா அந்த 14.6 வந்தே இருக்கக் கூடாது.

கேள்வி: சென்னைல பழைய காலத்துல ஒரு வெள்ளைக்கார பேங்க் திவால் ஆச்சுன்னு எங்க பெரியப்பா சொல்வார். நெஜமா?
– வாசகி, மயிலாப்பூர்

நெஜம்தாங்க. ஆர்பத்நாட் கம்பெனி, 1906 அக்டோபர் 22ந்தேதி கதவ மூடிச்சு. வெள்ளைக்கார கம்பெனி, கவர்னரோட பழகறவங்க, அதுக்கு மேல என்ன வேணும்னு நம்பி வக்கீல், ஜமீன், பென்ஷன் வாங்கினவங்கன்னு ஆயிரக்கணக்கான பேர் பணம் போட்டிருந்தாங்க. அத வெளிநாட்டு வியாபாரத்துல போட்டு தொலைச்சிட்டாங்க. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாசம் கடுங்காவல் ஆச்சு. அந்த அடிலதான் நமக்குன்னு ஒரு பேங்க் வேணும்னு வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மத்தவங்களும் சேந்து 1907 ஆகஸ்ட் 15ல இந்தியன் பேங்க்க தொடங்கினாங்க. உங்க பெரியப்பா சொன்னத பேரப் புள்ளைங்களுக்கும் சொல்லுங்க.

கேள்வி: 5 லட்சம் இன்சூரன்ஸ் ரொம்ப கம்மி. 25 லட்சமா ஏத்தினா ஜனங்களுக்கு நிம்மதிதானே, அரசாங்கம் ஏன் யோசிக்குது?
– தொழில் செய்பவர், கோயம்புத்தூர்

நிம்மதி கிடைக்கும், ரிஸ்க்கும் ஏறும். நம்ம நாட்டுல இது வந்ததே ஒரு பேங்க் விழுந்ததாலதான், 1960ல கேரளாவுல பாலை சென்ட்ரல் பேங்க் மூடினாங்க, 1962 ஜனவரில டெபாசிட் இன்சூரன்ஸ் வந்துச்சு, அப்ப 1,500 ரூபாதான். 1993ல 1 லட்சம், அப்புறம் 27 வருஷம் யாரும் தொடல. 2019 செப்டம்பர்ல பிஎம்சி கூட்டுறவு பேங்க், ஹெச்டிஐஎல்ங்கற ஒரே கட்டுமான குரூப்புக்கு மொத்த கடன்ல 70 சதவீதத்துக்கு மேல குடுத்துட்டு, 44 கடன் கணக்க மறைக்க 21 ஆயிரத்துக்கு மேல போலி கணக்கு காட்டினது வெளிய வந்துச்சு, ஜனங்களுக்கு முதல்ல 1,000 ரூபாதான் எடுக்கலாம்னாங்க. வயசானவங்க மருந்து வாங்க காசு இல்லாம பேங்க் வாசல்ல நின்னாங்க. அதுக்கு அப்புறம்தான் 2020 பிப்ரவரி 4ல இருந்து 5 லட்சம் ஆச்சு, 2021ல சட்டத்த திருத்தி பேங்க் முடங்கினாலும் 90 நாள்ல அந்த தொகைய குடுக்கணும்னு வெச்சாங்க. அந்த ரெண்டும் ரொம்ப நல்ல காரியம்.

ஆனா அமெரிக்காவுல 1980ல இன்சூரன்ஸ 40 ஆயிரம் டாலர்ல இருந்து 1 லட்சத்துக்கு ஏத்தினாங்க, அதே சமயம் டெபாசிட் வாங்கி வீட்டுக்கடன் குடுக்கற சேவிங்ஸ் அண்ட் லோன் நிறுவனங்க மேல இருந்த கட்டுப்பாட்டையும் தளர்த்தினாங்க. நிலம், ஜங்க் பாண்டுங்கற தரம் குறைஞ்ச கடன் பத்திரம்னு கண்டபடி விளையாடி நூத்துக்கணக்குல கவுந்து, வரிப்பணத்துல மட்டும் சுமார் 124 பில்லியன் டாலர் போச்சு. டெமிர்குச் குந்த், டெட்ராஜியாச்சேன்னு ரெண்டு பொருளாதார அம்மாக்கள் 61 நாட்ட எடுத்து பாத்து 2002ல எழுதினாங்க, தாராளமான டெபாசிட் இன்சூரன்ஸ் இருக்கற நாட்டுல பேங்க் நெருக்கடி வர்ற வாய்ப்பு கூடுது, சட்டமும் கண்காணிப்பும் பலமா இருக்கற நாட்டுல அந்த கெடுதல் குறைஞ்சுடுதுன்னு. அதாவது ஜனங்களுக்கு தைரியம் குடுக்கறதுக்கு முன்னாடி கண்காணிக்கற ஆளுக்கு பல் குடுக்கணும்.

இன்னொரு விஷயம், நம்ம ஊர்ல இந்த இன்சூரன்ஸ் பிரீமியம் பேங்க்தான் கட்டுது, 2025ல அது 100 ரூபா டெபாசிட்டுக்கு வருஷத்துக்கு 12 பைசாவா இருந்துச்சு, நல்ல பேங்க்குக்கும் அதே, மோசமான பேங்க்குக்கும் அதே. வண்டி இன்சூரன்ஸ்ல கூட ஆக்சிடென்ட் பண்ணாதவனுக்கு போனஸ் உண்டு. ரிஸ்க்க பொறுத்து பிரீமியம்னு மாத்தப் போறோம்னு 2025 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் சொல்லுச்சு. அது ஒழுங்கா நடந்து பழகட்டும், அப்புறம் 10 லட்சம்னு ஏத்தினா நான் முதல் ஆளா வரவேற்பேன்.

கேள்வி: ஒரு பேங்க் பத்தி வாட்ஸ்அப்ல மெசேஜ் சுத்துனா உடனே எடுத்துடணுமா, பொறுமையா இருக்கணுமா?
– வாசகர், திருநெல்வேலி

மெசேஜ் பாத்து ஓடாதீங்க. எல்லாரும் ஒரே நாள்ல கேட்டா எந்த பேங்க்காலயும் குடுக்க முடியாது, ஏன்னா உங்க பணம் ஏதோ ஒரு வீட்டுக் கடனா 20 வருஷத்துக்கு போயிருக்கும். சிலிக்கான் வேலி பேங்க்ல 2023 மார்ச் 9 ஒரே நாள்ல 42 பில்லியன் டாலர் எடுத்தாங்க, எல்லாம் போன்ல தட்டினதுதான், மறுநாள் பேங்க் இல்ல. அங்க டெபாசிட்ல 90 சதவீதத்துக்கு மேல இன்சூரன்ஸ் இல்லாத பணம், அதனால அவங்க ஓடினதுல அர்த்தம் இருக்கு. 5 லட்சத்துக்குள்ள வெச்சிருக்கவங்க ஓட வேண்டிய காரணம் அவ்வளவா இல்ல.

2025 மார்ச்ல இண்டஸ்இண்ட் பேங்க் டெரிவேட்டிவ் கணக்குல தப்பு இருக்குன்னு அவங்களே சொன்னாங்க, மறுநாள் ஷேர் 27 சதவீதம் விழுந்துச்சு, அப்புறம் அந்த ஓட்டை 1,979 கோடின்னு தெரிஞ்சுச்சு. சில நாள்ல, 15ந்தேதி, ரிசர்வ் பேங்க் முன்னாடி வந்து, சொந்த முதலோட விகிதம் 16.46 சதவீதம் இருக்கு, டெபாசிட்காரங்க பயப்பட வேணாம்னு அறிக்கை விட்டுச்சு. ஏப்ரல் கடைசில சிஇஓ ராஜினாமா பண்ணினார். நஷ்டம் பெருசு, ஆனா அத தாங்கற முதல் இருந்துச்சு, சொன்னத ஜனங்க நம்பற மாதிரி ஒரு ரெகுலேட்டர் இருந்துச்சு, அதனால பேங்க் நின்னுச்சு. எஸ் பேங்க்ல இந்த ரெண்டுமே கடைசி கட்டத்துல இல்ல, 2019 செப்டம்பர்ல 2 லட்சம் கோடிக்கு மேல இருந்த டெபாசிட் 2020 மார்ச் கடைசில 1 லட்சம் கோடி சொச்சமா ஆயிடுச்சு, ஸ்டேட் பேங்க் தலைமைல மத்த பேங்க்குகள் முதல் போட்டு தூக்க வேண்டியதா போச்சு.

கேள்வி: ஐடி வேலை, 26 வயசு. மேல என்ன நடக்குதுன்னு நம்மள மாதிரி சாதாரண ஆளால எப்படி தெரிஞ்சுக்க முடியும்? எத பாக்கணும்?
– வாசகர், சேலம்

தம்பி, பேங்க் வெப்சைட்ல ஆண்டறிக்கை பிடிஎஃப் கிடைக்கும். முன்னாடி வர்ற கலர் போட்டோ, சேர்மன் லெட்டர் எல்லாத்தையும் தள்ளிட்டு பின்னாடி கணக்கு குறிப்புகள் இருக்கற பக்கத்துக்கு போங்க. அங்க ‘டைவர்ஜன்ஸ்’னு ஒரு வார்த்தைய தேடுங்க. பேங்க் சொன்ன வாராக்கடனுக்கும் ரிசர்வ் பேங்க் வந்து பாத்து சொன்ன வாராக்கடனுக்கும் வித்தியாசம் ஒரு அளவுக்கு மேல போனா அத அங்க வெளிப்படையா போடணும்னு 2017ல இருந்து விதி இருக்கு. எஸ் பேங்க்க எடுத்துக்கோங்க, 2016 மார்ச்சுக்கு அவங்க காட்டின மொத்த வாராக்கடன் 749 கோடி, ரிசர்வ் பேங்க் கணக்கு 4,926 கோடி. அடுத்த வருஷத்துக்கு அவங்க காட்டினது 2,018 கோடி, ரிசர்வ் பேங்க் கணக்கு 8,374 கோடி. இது ரெண்டும் 2017லயே பப்ளிக். பேங்க் முடங்கினது 2020 மார்ச் 5. நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல டைம் இருந்துச்சு, அந்த பக்கத்த பொரட்டினவங்க கம்மி. ஒரு வருஷம் வித்தியாசம் வந்தா கருத்து வேறுபாடுன்னு விடலாம், ரெண்டு வருஷம் தொடர்ந்து இவ்வளவு வந்தா உள்ள உண்மைய எழுத விடலன்னு அர்த்தம்.

அப்புறம், பெரிய 20 கடன்காரங்க கிட்ட மொத்த கடன்ல எத்தனை சதவீதம் இருக்குன்னு ஒரு வரி இருக்கும், அது வருஷா வருஷம் ஏறுதான்னு பாருங்க. பெரிய 20 டெபாசிட்காரங்களுக்கும் அதே மாதிரி ஒரு வரி இருக்கும், அது பெருசா இருந்தா அந்த 20 பேர் கெளம்பினாலே பேங்க் தள்ளாடும். டைரக்டர் யார் யார் நடுவுல ராஜினாமா பண்ணினாங்க, ஆடிட்டர் காலம் முடியறதுக்கு முன்னாடி விலகினாரா, ரிஸ்க் அதிகாரி அடிக்கடி மாறறாரா, இதெல்லாம் பங்குச்சந்தை வெப்சைட்ல அறிவிப்பா வரும். ‘சொந்த காரணம்’னுதான் எல்லாரும் எழுதுவாங்க, ஒருத்தர் போனா விடுங்க, ஒரே வருஷத்துல மூணு நாலு பேருக்கு சொந்த காரணம் வந்தா புது டெபாசிட் போடறத நிறுத்தி வைங்க.

வருஷத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் ஒதுக்கினா போதும். ஆண்டறிக்கை பெரும்பாலும் ஜூன், ஜூலைல வரும். முதல்ல உங்க சம்பள கணக்கு இருக்கற பேங்க்கோடத பாருங்க, அப்புறம் அப்பா அம்மா டெபாசிட் எங்க இருக்குன்னு கேட்டு அந்த பேங்க்கோடத பாருங்க. டைவர்ஜன்ஸ் பத்தி எதாவது கண்ணுல பட்டு புரியலன்னா அந்த பக்கத்த போட்டோ எடுத்து நம்ம இதழ் மெயிலுக்கு அனுப்புங்க, எந்த வரிய எப்படி படிக்கணும்னு இங்கயே எழுதறேன்.